சனிக்கிழமைகளில் வரைகிறவள்

ஜனவரி 9, வியாழன்

ரப்பி கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். என்னை உட்கார வைத்து, ஃபேனைப் போட்டுவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அதன்பிறகு சொன்னார். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

நான் கேட்டது ஒரே ஒரு வரி. சிம்ஹா என்கிற இந்தப் பெண் யூதப் பெண்தான், எனக்குத் தெரியும் என்று. அந்த வரி இல்லாமல் அமித்தின் ஊரில் எங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்ய மாட்டார்கள். இஸ்ரேலில் யூதர்களின் கல்யாணம் மதகுருமார் கையில் இருக்கிறது. கோயம்புத்தூரில் மதகுரு என்று இருப்பவர் ரப்பி நெகேமியா ஒருவர்தான். எர்ணாகுளத்தில் பிறந்து, சின்ன வயதில் குடும்பத்தோடு இஸ்ரேல் போய், அங்கே படித்து ரப்பியாகி, மனைவி இறந்தபின் இங்கே வேலைக்கு வந்தவர். வேலை என்றால், பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய்ப் பவுடர் ஆலைகளைச் சோதித்து, இதை யூதர்கள் சாப்பிடலாம் என்று ஏற்றுமதிக்கு முத்திரை கொடுப்பது. எனக்கு ஒன்பது வயதானபோது வந்தார். அன்றிலிருந்து வெள்ளி இரவும் சனி மத்தியானமும் எங்கள் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. பதினெட்டு வருஷம்.

"ஒன் அப்பா யூதர், அம்மா யூதரில்ல, மோளே," என்றார். "அம்மா இல்லன்னா பிள்ளையும் இல்ல. அதாக்கும் நியமம்."

"அம்மா கல்யாணத்துக்கு முன்னாடியே மாறினவங்க. தண்ணில முங்கி, ரூத்துன்னு பேரு வச்சு…"

"எர்ணாகுளத்துல நாலு பெரியவங்க சேர்ந்து முக்கி எடுத்தது. அவங்க மனசு நல்ல மனசு. ஆனா மூணு ரப்பிமார் உக்காந்து விசாரிக்கணும். அன்னைக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பிகூட இல்ல."

"உங்களுக்கு இது எப்ப இருந்து தெரியும்?"

"வந்த வருஷமே ஒன் அப்பா சொன்னார்."

"அப்ப ஏன் ஒரு தடவகூடச் சொல்லல?"

"யாரும் கேக்கல. இப்ப நீ கேக்கற. கேட்டா உள்ளதத்தான் சொல்ல முடியும்."

தண்ணீரைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன். தேங்காய்ப் பவுடருக்குக் கொடுக்கிற முத்திரையை எனக்குக் கொடுக்க மாட்டாராம்.

ஜனவரி 10, வெள்ளி

வந்தார்! ஒன்றுமே நடக்காதது போல, பொழுது சாய்வதற்கு முன்னால், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். அப்பா வழக்கம்போல "வாங்க ரப்பி" என்றார். அப்பாவுக்கு யார்மேலும் கோபப்படத் தெரியாது. தன் வண்ணமீன் கடையில் தொட்டி மீன் செத்தால்கூட அதனிடம் மன்னிப்புக் கேட்கிற ஆள்.

ரப்பி நேராகச் சமையலறைக்குப் போனார். அம்மா கழுவி அரிந்து மசாலா சேர்த்து வைத்திருந்த கோழிக்குழம்புப் பாத்திரத்தைத் தூக்கி அடுப்பில் வைத்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இப்படித்தான். சின்ன வயதில் நான் பள்ளித் தோழிகளிடம் பெருமையாகச் சொல்வேன், எங்கள் ரப்பி சமையலறையில் உதவி செய்வார் என்று.

அப்பா நேற்றே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அம்மா வெள்ளைத் துணி விரித்தாள், ரொட்டி வைத்தாள், தட்டுகள் வைத்தாள். விளக்கு மட்டும் அலமாரியில் இருந்தது. நான் பிறந்ததிலிருந்து, ஓய்வுநாள் தொடங்குகிற வெள்ளிக்கிழமை அந்தியில் அந்த விளக்கு எரியாமல் இருந்ததில்லை. தேங்காயெண்ணெய் ஊற்றி, திரி போட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அம்மா எபிரேயத்தில் விளக்குக்கான அந்த ஒரு வரிப் பிரார்த்தனையைச் சொல்வாள். அவளுக்குத் தெரிந்த எபிரேயமே அவ்வளவுதான்.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ரப்பி அலமாரியைப் பார்த்தார். "ரூத், நேரமாச்சு," என்றார்.

அம்மா அவர் தட்டில் சோறு போட்டபடியே கேட்டாள். "ரூத்துன்னு இங்க யாருங்க இருக்காங்க? என்ற பேரு கமலவேணிங்க."

டியூப்லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. அப்படியும் வீடு இருட்டிக் கிடந்தது. ரப்பி தலையைக் குனிந்துகொண்டு போட்ட சோறு முழுவதையும் சாப்பிட்டார்.

ஜனவரி 11, சனி

இன்று முழுக்க வரைந்தேன். சென்னையில் படித்த காலத்திலிருந்தே ஓய்வுநாளான சனிக்கிழமையில் வரைந்துகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் வீட்டில், கூடத்தின் நடுவில், அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும்போது வரைந்தது இதுவே முதல் தடவை. ஓய்வுநாளில் எழுதுவதும் வரைவதும் வேலை, வேலை கூடாது. அவர் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், பதில் தயாராக வைத்திருந்தேன்.

ஜனவரி 12, ஞாயிறு

காலையில் அப்பாவோடு கடைக்குப் போய்த் தொட்டிகளுக்குத் தண்ணீர் மாற்றினேன். குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தபோது சும்மா கேட்டேன், ரப்பி ஏன் எப்போதும் பாத்திரத்தைத் தூக்கி வைக்கிறார் என்று.

அப்பா வலையைத் தண்ணீரில் விட்டபடியே நின்றார். "அது ஒரு வழக்கம்."

"என்ன வழக்கம்?"

"யூதர் இல்லாதவங்க சமைச்சத சாப்பிடக் கூடாது. யூதர் ஒருத்தர் பாத்திரத்த அடுப்புல வச்சுட்டாருன்னா, அப்புறம் யாரு சமைச்சாலும் சாப்பிடலாம்."

குழாய் என் கையிலிருந்து நழுவி இரண்டு பேரும் நனைந்தோம்.

பதினெட்டு வருஷம்! பதினெட்டு வருஷமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எங்கள் சமையலறையில் நின்று, வாய் பேசாமல், நீ எங்கள் ஆள் இல்லை என்று என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். நான் அதைப் பெருமையாக ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் துவரம்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அது எனக்கு அப்பவே தெரியும் கண்ணு."

"தெரிஞ்சுமா சமைச்சுப் போட்டீங்க?"

"பின்ன? அந்தாளுக்கு இந்த ஊர்ல வேற யாரு வூட்ல சாப்பாடு? பாத்திரத்தத் தூக்கி வெச்சாத்தான் திங்க முடியும்னா வெச்சுட்டுப் போறாரு. திங்காம எந்திரிச்சுப் போகாம, திங்கறதுக்கு ஒரு வழி கண்டுபுடிச்சாரல்லோ."

அம்மாவை எனக்குப் புரியவில்லை. பெயரை மறுத்தவளும் இவள்தான், இதைச் சொல்கிறவளும் இவள்தான்.

ஜனவரி 16, வியாழன்

மாட்டுப் பொங்கலுக்குப் பொள்ளாச்சியில் அம்மா பிறந்த வீட்டுக்குப் போய் வந்தோம். மாமா அமித் எப்படி இருக்கிறான் என்று கேட்டார். அமித் என்ற பெயரை வைத்து, அவன் வடநாட்டுப் பையன் என்றே இரண்டு வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறார். இங்கே சொட்டுநீர்ப் பாசனக் கம்பெனியில் வேலையில் இருந்தபோது அவரது தோப்புக்கு அவனே வந்து குழாய் போட்டுக் கொடுத்தான். "நல்ல பையன், இந்தி பேசுனாலும் பரவால்ல," என்றார். அவன் பேசியது இங்கிலீஷ்.

அங்கே யாரும் என்னிடம் நீ யார் என்று கேட்கவில்லை. இரண்டு வேளையும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.

ஜனவரி 22, புதன்

சென்னையிலிருந்து ஒரு பத்திரிகைக்காரப் பெண் போனில் பேட்டி எடுத்தாள். நீங்கள் ஆள் வைத்தும் வரைவதில்லை, போட்டோ வைத்தும் வரைவதில்லை, எல்லாம் ஞாபகத்திலிருந்து வரைகிறீர்களாமே, இதை யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டாள். யாரிடமும் இல்லை என்றேன்.

உண்மைதானே. ரப்பி கற்றுக்கொடுக்கவில்லை, பிடுங்கினார். அவர் வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை நான் தரையில் படுத்து வரைந்துகொண்டிருந்தேன். பென்சிலைக் கையிலிருந்து எடுத்து அலமாரிமேல் வைத்துவிட்டார். கத்தி அழுதேன். "பாக்கறதுக்குத் தடையில்ல," என்றார். "எவ்வளவு வேணும்னாலும் பாரு. ஆகாசத்துல மூணு நட்சத்திரம் வந்தா ஓய்வுநாள் முடியும், அப்ப வரஞ்சுக்கோ." நாள் முழுக்க வீம்புக்குப் பார்த்தேன். அம்மாவின் முழங்கை, அப்பாவின் செருப்புவார், ரப்பியின் தாடியில் ஒட்டியிருந்த ரொட்டித் துணுக்கு, எல்லாவற்றையும் கண்ணுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு மாலையில் மொட்டைமாடியில் நின்று நட்சத்திரம் எண்ணினேன். மூன்றாவது கிடைத்துவிட்டது என்று நான் குதித்தபோது, "அது விமானம், மோளே, அத எண்ணக் கூடாது," என்றார். இப்படியே ஒன்பது வருஷம், ஒவ்வொரு சனிக்கிழமையும்.

ஒரு குழந்தையின் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கியவரை என் குரு என்று பத்திரிகையில் போடச் சொல்ல வேண்டுமா?

பிப்ரவரி 3, திங்கள்

அமித் போனில் வந்தான். சைப்ரஸ் போவோம் என்கிறான். இஸ்ரேலிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம், அங்கே அரசாங்க அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டால் அவன் ஊரில் அந்தக் கல்யாணத்தைப் பதிவு செய்துகொள்வார்களாம். அவன் நண்பர்களில் பாதிப்பேர் அப்படித்தான் செய்தார்களாம். "எந்த ரப்பியிடமும் போய் நிற்க வேண்டாம், சிம்ஹா."

"அப்போதும் என்னை யூதப் பெண் என்று எழுத மாட்டார்களே," என்றேன்.

"எழுதாவிட்டால் என்ன? உனக்கு நான் வேண்டுமா, அவர்கள் முத்திரை வேண்டுமா?"

போனை வைத்தேன். பிறகு ஒரு பெரிய கேன்வாசுக்கு வெள்ளை அடித்தேன். முதல் பூச்சு சரியாகவே வரவில்லை, சுரண்டிவிட்டு மறுபடி அடித்தேன்.

எனக்கு இரண்டும் வேண்டும். இரண்டும் என்னுடையவைதான். என்னுடையதை நான் ஏன் யாரிடமும் விட்டுக்கொடுக்க வேண்டும்?

பிப்ரவரி 14, வெள்ளி

ரப்பி ஒரு செய்தியோடு வந்தார். பாரிசிலிருந்து இரண்டு பேரும் ஜெருசலேமிலிருந்து ஒருவரும், மூன்று ரப்பிமார், வேறொரு குடும்பத்தின் விஷயமாக மார்ச்சில் எர்ணாகுளம் வருகிறார்கள். அம்மாவையும் என்னையும் அவர்கள் முன்னால் நிறுத்தலாம். கேள்வி கேட்பார்கள், திருப்தி என்றால் கடலில் முங்கி எழ வேண்டும். அதன்பிறகு ஒருவரும் ஒன்றும் கேட்க முடியாது.

"நான் எதுவா இருக்கேனோ அதுவாவே மாறணுமா?" என்று கேட்டேன்.

"ஆமா," என்றார். அந்த மனிதருக்கு வெட்கமே கிடையாது.

அம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் ஒருக்கா முங்குனவதானுங்க. மறுக்காவும் முங்கோணும்னா நானென்ன அழுக்குத் துணியுங்களா?"

ரப்பி எழுந்து நின்றார். "ரூத்… கமலவேணி அம்மா, நான் அப்படிச் சொல்லல."

"நீங்க என்ன சொன்னாலும் எனக்கு அப்பிடித்தானுங்க கேக்குது. இனி வெள்ளிக்கெழம இங்க வர வேண்டாமுங்க. எனக்கு மனசு ஆறுல."

போய்விட்டார். பாத்திரம் மேடையிலேயே இருந்தது. கடைசியில் நான்தான் தூக்கி அடுப்பில் வைத்தேன்.

அப்பா சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தை மாசம் பூரா ராப்பகலா போன் போட்டுட்டு இருந்தாரும்மா அந்தாளு, அந்த மூணு பேரையும் சம்மதிக்க வெக்கறதுக்கு." நான் தண்ணீர் எடுக்க எழுந்துவிட்டேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

போகிறேன் என்று முடிவு செய்துவிட்டேன். அம்மா வரமாட்டாள். உனக்காக நீ போ, எனக்கு வேண்டாம் என்றாள்.

அந்த ஆளுக்குச் சொல்லி அனுப்பினேன். நேரில் போக மனமில்லை.

மார்ச் 2, ஞாயிறு

வேறு வழியில்லாமல் ரப்பி வீட்டுக்கு நேரில் போனேன். என்ன கேட்பார்கள் என்று தெரிய வேண்டுமே.

வாசலில் வாழைப்பழத் தோல்கள் ஒரு பையில் கிடந்தன. மேசையில் பன்னும் வரக்காப்பியும். அவருக்குச் சமைக்கத் தெரியாது. சட்டை கழுத்தில் தொளதொளவென்று இருந்தது. அது அவர் பிரச்சினை.

"எல்லாம் ஒனக்குத் தெரிஞ்சதுதான்," என்றார். "பிரார்த்தனை கேப்பாங்க. பண்டிகை கேப்பாங்க. கடைசில ஓய்வுநாள் கேப்பாங்க. அதுதான் முக்கியம்."

"நான் சனிக்கிழமை வரையறது உங்களுக்குத் தெரியுமே. உங்களக் கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"கேட்டா கண்டதச் சொல்லுவேன்."

இவரிடம் போய்க் கேட்டேனே என்று என்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது. அவரே தொடர்ந்தார். "என்னைய சாட்சியாத்தான் உக்காரச் சொன்னாங்க. நான் முடியாதுன்னுட்டேன். உறுதிமொழி தாய்மொழியில இருக்கணும்னு அந்த மூணு பேர்ல பெரியவர் சொல்றார், அதனால மொழிபெயர்க்க வரேன்னு சொல்லியிருக்கேன். மொழிபெயர்க்கறவன்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

எனக்காகச் சாட்சி சொல்லக்கூட மனம் வரவில்லை. அடுத்தவர் சொல்வதைத் திருப்பிச் சொல்லும் வேலையைப் பார்த்துத் தேடிக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 11, செவ்வாய்

அமித் சொல்லிவிட்டான். "சனிக்கிழமை என்ன செய்வாய் என்று கேட்டால், வீட்டில் அப்பா அம்மாவோடு இருப்பேன் என்று சொல். அது பொய்கூட இல்லை. எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள். அவர்களுக்கும் தெரியும்."

சரி, சொல்கிறேன். முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். நன்றாகவே வருகிறது.

மார்ச் 18, செவ்வாய். எர்ணாகுளம் போய் வந்தேன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

காலை ரயிலில் ரப்பியும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து போனோம். என் பையில் துண்டும் மாற்றுடையும் இருந்தன, கடலுக்கு.

தங்கும் விடுதி ஒன்றின் மாடியில் நீண்ட மேசை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த பெரியவர் ஜெருசலேம்காரர், காது கொஞ்சம் மந்தம். இடது பக்கம் இருந்தவர் மிகவும் இளையவர், என் வயதுதான் இருக்கும், அடிக்கடி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். ரப்பிக்கு மேசையின் ஓரத்தில் நாற்காலி. எனக்கு அவர்களுக்கு எதிரில்.

பெரியவர் எபிரேயத்தில் கேட்பார், ரப்பி அதைத் தமிழில் சொல்வார், நான் தமிழில் பதில் சொல்வேன், அவர் அதை எபிரேயமாக்குவார். எபிரேயம் எனக்கும் தெரியும்தான், ஆனால் விதி அப்படி. ரொட்டிக்கு என்ன சொல்வாய், விளக்குக்கு என்ன சொல்வாய், பாவநிவாரண நாளில் என்ன செய்வாய். எல்லாம் தண்ணீர் போல வந்தது. இளையவர் சிரித்தேவிட்டார். உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று பெரியவர் கேட்டபோது ரப்பி அந்தக் கேள்வியைத் தமிழில் சொல்லாமல் அவரே பெரியவரின் காதருகே குனிந்து ஏதோ பதில் சொன்னார். "பெற்றோர்" என்ற சொல் மட்டும் என் காதில் விழுந்தது.

பிறகு அது வந்தது. "ஓய்வுநாள்ல நீ என்ன செய்வ?" ரப்பி தரையைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார்.

வீட்டில் இருப்பேன் என்பது என் நாக்கின் நுனியில் இருந்தது. சத்தியமாக இருந்தது. நான் சொன்னது: "சனிக்கிழமை வரைவேன்."

ஏன் என்று தெரியாது. அந்த அறையில் இருந்த மூன்று பேரிடமும், ஓரத்தில் இருந்த அவரிடமும், எனக்கு அவ்வளவு கோபம். நான் யார் என்று கேட்டால் இதுதான் நான், எடுத்துக்கொள்ளுங்கள் என்று இருந்தது. அவ்வளவுதான்.

ரப்பி நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். பெரியவர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. வாய் திறந்தபடியே நின்றது. நெற்றியில் வியர்வை இறங்கியது.

"என்ன சொன்னாள்?" என்று பெரியவர் காதைத் திருப்பிக் கேட்டார். "நெகேமியா, என்ன சொன்னாள் அவள்?"

இப்படி ஒரு நாளும் நான் அவரைப் பார்த்ததில்லை. கேட்ட மறுநொடி பதில் சொல்கிற மனிதர். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. நானே எபிரேயத்தில், உரக்க, பெரியவரின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: "ஓய்வுநாளில் நான் படம் வரைகிறேன்."

ரப்பியின் வாய் மூடியது.

பெரியவர் கெட்டவர் இல்லை. இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். "இன்றிலிருந்து விட்டுவிடுவாயா?" ஆம் என்றால் போதும், கடலுக்குப் போகலாம். "இன்று ஆம் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும்," என்றேன். ஒரு வருஷம் கழித்து வா, மகளே என்றார். இளையவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பும் ரயிலில் ரப்பி திருச்சூரில் இறங்கிப்போய்ப் பழம்பொரி வாங்கிவந்து நீட்டினார். வெளிச்சமையலை அவர் தொட மாட்டார், எனக்கு மட்டும்தான். சாப்பிட்டேன். பசித்தது, வேறொன்றுமில்லை. பாலக்காடு தாண்டியதும் என்னால் அடக்க முடியவில்லை.

"ஏன் அப்படி நின்னீங்க? சொல்ல வேண்டியதுதானே? சொல்லித்தானே உங்களுக்குப் பழக்கம்?"

"நீ முந்திக்கிட்ட, மோளே," என்றார்.

எதை முந்திக்கொண்டேன் என்று நான் கேட்கவில்லை. பையைத் திறந்து பார்த்தேன். துண்டு மடிப்புக் கலையாமல் காய்ந்து கிடந்தது. அதை வெளியே எறியலாம் போலிருந்தது. அம்மா வாங்கிக்கொடுத்த புதுத்துண்டு, அதனால் எறியவில்லை.

மார்ச் 19, புதன்

அமித்திடம் சொன்னேன். முதலில் விளையாடுகிறேன் என்று சிரித்தான்.

"ஒரு வார்த்தை, சிம்ஹா. அந்த வார்த்தையைச் சொல்வதைவிட என்னை இழப்பது உனக்குச் சுலபமாக இருந்ததா?"

"உன்னை இழக்க வேண்டும் என்று சொல்லவில்லையே. சைப்ரஸ் போவோம்."

"அன்றைக்கு நான் சொன்னபோது முத்திரைக்காக நின்றாய். இன்றைக்கு முத்திரை கைக்கு வந்தபோது தட்டிவிட்டாய். அடுத்து எதைத் தட்டிவிடுவாய் என்று எனக்குப் பயமாக இருக்கிறது."

கொஞ்ச நாள் யோசிப்போம் என்றான். யோசிப்போம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா?

அவன்மேல் கோபம் வரவில்லை. அதுதான் மோசம். கோபம் இருந்தால் கையில் ஏதாவது வேலையாவது நடக்கும்.

மார்ச் 20, வியாழன்

ஒன்றும் செய்யவில்லை. படுத்தே கிடந்தேன். அம்மா இரண்டு முறை வந்து ஃபேனைக் குறைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 21, வெள்ளி

அம்மா எண்ணெய்ப் பாட்டிலை எடுத்ததை முதலில் நான் கவனிக்கவில்லை. அலமாரியிலிருந்து விளக்கை இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, திரி போட்டாள்.

"அம்மா, யாருக்காக இது?"

"யாருக்காகவும் இல்ல. அத்தன பெரிய மனுசங்க முன்னால என்ற பொண்ணு உள்ளத உள்ளபடி சொல்லிப்போட்டு வந்துருக்கா. நான் மட்டும் எதுக்குச் சடஞ்சுக்கிட்டு உக்காந்துருக்கோணும்? இது என்ற விளக்கு. நான் ஒருத்தரையும் கேட்டு ஏத்துல." பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "போயி அந்த மனுசனக் கூட்டிட்டு வாங்க. பன்னத் தின்னு தின்னு சட்டையெல்லாம் தொங்குதாமா. வந்து பாத்திரத்தத் தூக்கி வெக்கச் சொல்லுங்க. எனக்கு முதுகு புடிச்சிருக்குது."

வந்தார். வைத்தார். சாப்பிட்டார். நான் என் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன். அம்மா மன்னிக்கலாம், அது அம்மாவின் விஷயம்.

மார்ச் 27, வியாழன்

பெரிய கேன்வாசில் அந்த அறையை ஆரம்பித்திருக்கிறேன். மேசை, மூன்று பேர், வியர்வை துடைக்கும் இளையவர், ஓரத்து நாற்காலி. என்னை வரையவில்லை. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தெரிந்தது மட்டும்.

அமித்திடமிருந்து ஒன்றுமில்லை.

மார்ச் 31, திங்கள்

அமித் பேசினான். அழுதான். நானும் அழுதேன். முடிந்தது.

கடையில் கறுப்பு மோலி மீன் குட்டி போட்டிருக்கிறது. அப்பா தனித்தொட்டி கழுவச் சொன்னார், கழுவினேன்.

ஏப்ரல் 3, வியாழன்

ரப்பி மாடிக்கு ஏறி வந்தார். நான் கூப்பிடவில்லை. அப்பா சொல்லியிருக்க வேண்டும். வாசலில் நின்று, வரலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்வதற்குள் கேன்வாசைப் பார்த்துவிட்டார்.

நெடுநேரம் பார்த்தார். பெரியவரின் காதை, இளையவரின் கைக்குட்டையை, மேசைமேல் இருந்த தண்ணீர் ஜாடியை. கடைசியில் ஓரத்து நாற்காலிக்கு வந்தார். படத்தில் அவர் நேராக உட்கார்ந்து பெரியவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அமைதியான முகம். அந்த முகத்துக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"வாய் மூடியிருக்கு," என்றார்.

"ஆமா."

"தொறந்திருந்தது."

"எனக்குத் தெரியும். நான்தான் மூடி வரஞ்சேன்."

"எதுக்கு?"

எதற்கு என்று சொல்வது? கண்காட்சியில் நாளைக்கு நாலு பேர் வந்து பார்த்து, இந்த ரப்பி ஏன் இப்படிப் பொறியில் மாட்டிய எலி மாதிரி வாயைப் பிளந்துகொண்டிருக்கிறார் என்று சிரிக்க வேண்டாம் என்றா? "என் படம், என் இஷ்டம்," என்றேன்.

"நான் வேற சொல்லப் போனேன்," என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"அவ ஓய்வுநாள்ல வீட்டுல இருப்பான்னு சொல்ல வாயெடுத்தேன். எபிரேயத்துல மனசுக்குள்ள வாக்கியம்கூட ரெடி. நீ முந்திக்கிட்ட." கையால் படத்தைக் காட்டினார், தொடாமல். "நான் யோக்கியன் மாதிரி உக்காந்திருக்கேன் இதுல. அது நடக்கல. அதத் தொறந்து வை, மோளே."

கையிலிருந்த பிரஷ்ஷை வீசிவிட்டேன். அது சுவரில் பட்டு விழுந்தது. என்னவெல்லாம் கத்தினேன் என்று முழுக்க ஞாபகமில்லை. மார்ச்சில் வரும் பொய் ஜனவரியில் ஏன் வரவில்லை என்று கேட்டேன். ஒரு வரிக்கு என் அம்மாவின் பெயரையே பறித்துவிட்டு, அங்கே போய் எனக்காகப் பொய் சொல்ல யார் கேட்டது என்று கேட்டேன். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று கத்தும்போதே தெரிந்தது. நிறுத்த முடியவில்லை. என் கல்யாணம் போய்விட்டது என்றும் கத்தினேன்.

அவர் அசையாமல் கேட்டுக்கொண்டார். "ஜனவரிலயும் சுலபமா இல்ல," என்றார். குனிந்து பிரஷ்ஷை எடுத்து, தன் சலவைச் சட்டையிலேயே துடைத்து மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். சட்டையில் நீலக்கறை. அது போகாது.

மாலைவரை கேன்வாசுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு கத்தியை எடுத்து அந்த உதடுகளைச் சுரண்டினேன். முதலில் வரைந்த வாய் கொட்டாவி மாதிரி இருந்தது. அடுத்தது பாட்டுப் பாடுவது மாதிரி. சுரண்டிச் சுரண்டிக் கேன்வாசே தெரிய ஆரம்பித்துவிட்டது.

கோபம் இன்னும் போகவில்லை. வாய் சரியாக வந்திருக்கிறது.